வலது முன் சக்கரம்

போன ஆயுத பூஜைக்கு எங்கள் ஊர் மெக்கானிக் சங்கத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். மூத்த மெக்கானிக் என்று மேடையில் ஏற்றி, "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத வண்டி எது, சொல்லுங்க பாய்" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வயசானவர், கூச்சப்படுகிறார் என்று கைதட்டினார்கள். கூச்சமெல்லாம் இல்லை. மறக்க முடியாத வண்டி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னால் எனக்குப் பின்னால் சந்தன மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். படத்தில் இருந்தவர் சங்கத்தை ஆரம்பித்த ஏகாம்பரம் மேஸ்திரி. எனக்குத் தொழில் கொடுத்தவர்.

கீழே இறங்கியதும், திண்டிவனம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். யாரோ ஆசைக்காகப் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டுத் தரச் சொல்கிறாராம்.

"பேரிங் நல்லாதான் இருக்குது பாய். கழுவி, கிரீஸ் வச்சு, அதையே மாட்டிடலாமா?"

"மாத்து" என்றேன். "ஹப்பு மேல சந்தேகம் இருந்தா ஹப்பையும் மாத்து. பார்ட்டி ஒத்துக்கலைன்னா வேலையே எடுக்காத."

நான் சொன்ன வேகத்தில் அவர் முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு, அவருக்காவது காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அத்தா செஞ்சி கடைத்தெருவில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் பூட்டும் ரிப்பேர் செய்தவர். பத்தாவதில் நான் தவறியதும் என்னை மேஸ்திரி ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். முதல் சில வருஷங்கள் மண்ணெண்ணெயில் வண்டிச் சாமான் கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா மெக்கானிக்கும் கழுவியிருக்கிறான். எண்பதுகள் தொடங்கியபோது நான் அந்த ஷெட்டில் முழு மெக்கானிக். எனக்குக் கல்யாணமாகி, மகனும் மகளும் இருந்தார்கள்.

மேஸ்திரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். சாயங்காலம் வரை அதில் ஒரு பொட்டு ஆயில் படாது. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. நாம் ஒரு நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நிற்பார். திட்ட மாட்டார். நம் கையிலிருந்து ஸ்பேனரை மெதுவாக வாங்குவார், வேலையை முடிப்பார், திரும்ப நம் கையிலேயே வைத்துவிட்டுப் போவார். அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. வண்டிக்காரர்களிடம் இல்லை என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டார். "பாத்துக்கலாம்" என்பார். எந்த வண்டி, எந்தக் கோளாறு, எவ்வளவு அவசரம் என்றாலும் பாத்துக்கலாம்தான். அந்த ஒரு சொல்லால்தான் அவருக்கு அவ்வளவு வண்டி வந்தது.

அவர் நல்லவராக இருந்த நாளையும் சொல்லிவிட வேண்டும். வெளியூர் கான்ட்ராக்டர் ஒருவர் தன் காரிலிருந்த டேப் ரிக்கார்டரைக் காணோம் என்று வந்து நின்றார். வண்டியில் வேலை பார்த்தவன் நான். ஷெட்டில் இருந்த எல்லோர் முன்னாலும் என்னைக் கைகாட்டி, "அவன் பையைத் தேடுங்க" என்றார். மேஸ்திரி எழுந்து தன் சட்டைப் பையை வெளியே இழுத்துவிட்டார்.

"மொதல்ல இதுல தேடுங்க சார். அப்பறம் அவன் பையில தேடலாம்."

கான்ட்ராக்டர் திரும்பிப் போய்விட்டார். டேப் ரிக்கார்டர் அவர் வீட்டிலேயே இருந்ததாக மறுநாள் ஆள் வந்து சொன்னான். அன்றிலிருந்து மேஸ்திரிக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

இனி சவரிமுத்து. அனந்தபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரன். ஊரில் பாதி பேர் மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள், இவனும்தான். எங்கள் ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த ஒருவரின் அம்பாசிடருக்கு டிரைவர். என் வயசுதான். ஒரு முறை வண்டியைக் கொண்டுவந்து, "இன்னாவோ ஒரு சத்தம் பாய், எங்கேந்து வருதுன்னே தெரியல" என்றான். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையை சஸ்பென்ஷன் மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். நல்ல பேரிங் என்றால் கைக்கு ஒன்றுமே தெரியாது. இது உள்ளங்கைக்குள் மணலை வைத்து நெரிப்பதுபோல் இருந்தது. கழற்றினால் உருளைகளின் மேல் தோல் உரிந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் நின்றிருக்கும். அன்று முதல் அவன் வேறு யாரையும் அந்த வண்டியின் சக்கரத்தில் கைவைக்க விட மாட்டான். நான் சாப்பிடப் போயிருந்தால் வரும்வரை பீடி பிடித்துக்கொண்டு காத்திருப்பான். மத்தியானத்தில் என் டிபன் பாக்ஸும் அவன் டிபன் பாக்ஸும் ஒன்றாகத்தான் திறக்கும்.

மண்டிக்காரர் ஒரு முறை மெட்ராஸில் யாருடைய புதுக் காரிலோ போய்விட்டு வந்தார். பெடலில் கால் வைத்ததும் வண்டி நின்றதாம். தன் அம்பாசிடருக்கும் அந்த பிரேக் வேண்டும் என்றார். அப்போது எங்கள் பக்கத்தில் எல்லாக் கார்களுக்கும் டிரம் பிரேக்தான். டிஸ்க் பிரேக்கை மேஸ்திரியும் கையால் தொட்டதில்லை.

"பாத்துக்கலாம்" என்றார்.

மண்டிக்காரர் மெட்ராஸில் பழைய சாமான் விற்கும் இடத்தில் சொல்லிவைத்து, ஒரு சாக்குப் பையில் எல்லாவற்றையும் வரவழைத்தார். இரண்டு டிஸ்க், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர், அதோடு சேரும், சக்கரத்தின் நடுக்குடமான ஹப். ஏதோ அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியவை. புது பேரிங்கும் ஆயில் சீலும் தனியாக வந்தன.

டிஸ்க் பிரேக் போடும்போது ஏன் பேரிங்கை விடக்கூடாது என்று கேட்டவருக்காக இதைச் சொல்கிறேன். டிரம் பிரேக்கில் சக்கரம் துளி ஆடினாலும் டிரைவருக்குத் தெரியாது. டிஸ்க் அப்படி இல்லை. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் டிஸ்க்கும் ஆடும். ஆடுகிற டிஸ்க் இரண்டு பக்கமும் அதை அழுத்துகிற பிரேக் பேடை விலக்கித் தள்ளிவிடும். அடுத்து பிரேக் மிதிக்கும்போது பெடல் காலோடு கீழே போகும். இன்னொன்று சூடு. டிஸ்க்கின் சூடெல்லாம் ஹப்புக்குத்தான் இறங்கும். சாதாரண கிரீஸ் தண்ணியாக உருகி ஓடிவிடும். சூடு தாங்கும் கிரீஸ்தான் வைக்க வேண்டும்.

வியாழக்கிழமை இடது பக்கத்தை ஆரம்பித்தேன். பழைய டிரம்மை இறக்கி, சக்கரம் மாட்டுகிற அச்சுமுனையான ஸ்டப் ஆக்சிலைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். பேரிங் இரண்டு பாகம். உருளைகள் உள்ள உள்பாகம் ஆக்சிலில் ஏறும். வெளி வளையத்தை நாங்கள் கப் என்போம், அது ஹப்புக்குள் உட்காரும். கப் ஹப்புக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பித்தளை பஞ்ச் ஒன்றை வைத்து, இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டி இறக்க வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொள்ளும். இறங்கும்வரை சத்தம் மொத்து மொத்தென்று இருக்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் கெட்டியாக ஒரு சத்தம் வரும். அதைக் கேட்காமல் சுத்தியலைக் கீழே வைக்கக் கூடாது. பிறகு உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் ஓரத்தால் அதை வழித்து வழித்து அழுத்த வேண்டும். மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் புழுபோல் வெளியே வரும்வரை. சுற்றி முழுக்க வந்த பிறகுதான் மாட்டலாம். நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, கடைசியாகக் கைவிரலால் திருகி, நட்டு கழலாமலிருக்கப் புது காட்டர் பின் போட்டுப் பூட்ட வேண்டும்.

இடது பக்கம் சுத்தமாக முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வலது பக்க ஹப்பை எடுத்துப் புது கப்பை அதன் வாயில் வைத்தேன். சுத்தியலை எடுக்கும் முன்பே அது தானாக உள்ளே இறங்கிவிட்டது. விரலால் எடுத்தேன், வந்துவிட்டது. இதைக் கழற்றிய அந்த அடிபட்ட வண்டியில் எப்போதோ பேரிங் சுற்றாமல் பிடித்து, கப்பும் சேர்ந்து சுற்றி, ஹப்பின் உள்சுவரைத் தின்றிருக்கிறது. அந்த ஹப் தூக்கி எறிய வேண்டியது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது சவரி வந்தான்.

"எப்ப பாய் முடியும்? மொதலாளி ரெண்டு தடவ கேட்டுட்டாரு. நாளைக்கு திருக்கோவிலூர்ல பொண்ணு பாக்கப் போறாங்களாம்."

"பாக்கலாம் சவரி" என்றேன். அவன் போன பிறகு மேஸ்திரியிடம் ஹப்பைக் கொண்டுபோனேன்.

"இது ஆகாதுங்க மேஸ்திரி. கப்பு நிக்கல. வேற ஹப்பு வரணும்."

அவர் கப்பைப் போட்டு எடுத்துப் பார்த்தார். "உள்ள பஞ்ச் அடிச்சிக் குடுத்தா நிக்கும்."

பஞ்ச் அடிப்பது என்றால், ஹப்பின் உள்சுவரில் சுற்றிலும் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியால் புள்ளி புள்ளியாகக் குத்துவது. ஒவ்வொரு குத்தைச் சுற்றியும் இரும்பு கொஞ்சம் மேலே எழும்பும். அந்த மேடுகள் கப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடித்து இறக்கும்போது புதுசு மாதிரியே இருக்கும். சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் ஓட ஓட மேடுகள் மழுங்கிவிடும், அதோடு கப் சுற்ற ஆரம்பிக்கும்.

"மெதுவா போற டிரெய்லருக்குன்னா பரவால்ல மேஸ்திரி. இது காரு. அதுவும் டிஸ்க்கு. நான் அடிக்க மாட்டேங்க. பழைய டிரம்மையே மாட்டி அனுப்பிடலாம். ஹப்பு வந்ததும் மாத்திக்கலாம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "சரி காதர். தொழுவப் போற நேரம் ஆவுது பாரு, நீ கெளம்பு. பாத்துக்கலாம்" என்றார்.

ஜும்மா முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வலது சக்கரம் மாட்டியிருந்தது. மேஸ்திரி கைகழுவிக்கொண்டிருந்தார்.

"வேற ஹப்பு கெடச்சிடுச்சு. மண்டி ஆளு திண்டிவனத்துலேந்து வாங்கியாந்தான். நானே மாட்டிட்டேன். நீ பிரேக்குக்கு ஏர் மட்டும் எடுத்துடு."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை. அவர் சட்டையிலும் ஒரு பொட்டு ஆயில் இல்லை. மூலையில் வெல்டர் டில்லி எதையோ கிளறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிக்கொண்டான். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

சாயங்காலம் சவரி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். "கால வச்சாலே நிக்குது பாய்" என்றான். மண்டிக்காரர் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து எடுத்துப் போனார். மறுநாள் குடும்பத்தோடு திருக்கோவிலூர் போய்விட்டு வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. முதலாளியை பஸ் ஏற்றிவிட்டு, திண்டிவனத்திலிருந்து சவரி தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். வல்லத்தைத் தாண்டி வரும்போது வலது முன் சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொண்டது. அப்படியே ஆக்சிலை முறித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டது. வண்டி புளியமரத்தில் மோதியது. கழனியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து அவனை இழுத்திருக்கிறார்கள். வலது கால் பெடலோடு சிக்கியிருந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

வண்டியை டிராக்டரில் கட்டி எங்கள் ஷெட்டுக்குத்தான் இழுத்து வந்தார்கள். யாரும் சொல்லாமல் நானே அந்தச் சக்கரத்தைப் பிரித்தேன். கிரீஸ் கருகி, தார்போல் ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தேன். கப் விரலோடு வந்தது. ஹப்பின் உள்சுவரில் வரிசை வரிசையாகப் புள்ளிகள், மேலே தேய்ந்து மழுங்கி, அம்மைத் தழும்புபோல. அந்த வெள்ளிக்கிழமை காலையில் வெளிச்சத்தில் நான் பார்த்த அதே ஹப். வேறு ஹப் வரவே இல்லை.

மேஸ்திரி பின்னால் வந்து நின்றார். என் கையிலிருந்து அந்த ஹப்பை மெதுவாக வாங்கினார். எத்தனையோ முறை ஸ்பேனரை வாங்கியதைப் போலத்தான். இந்த முறை திரும்பக் கொடுக்கவில்லை. பழைய இரும்பு சேர்க்கும் பீப்பாயில் போட்டார்.

"வேற ஹப்புன்னு சொன்னீங்களே மேஸ்திரி."

"சொன்னேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மண்டிக்காரர் வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டார்.

மேஸ்திரி நிதானமாகச் சொன்னார். "நம்ம ஷெட்ல வீல் வேல பூராவும் காதர்தான் பாக்கறது. இனிமே நானே நேர்ல நின்னு பாத்துக்கறேங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எத்தனை முறை யோசித்திருக்கிறேன். ஒரு பொய்கூடச் சொல்லாமல் என் கழுத்தை அறுத்தார்.

"அன்னிக்கு வலது சக்கரத்த நான் மாட்டலைங்க. அந்த ஹப்பு ஆகாதுன்னு சொன்னவனே நான்தான். டில்லியக் கேளுங்க" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கும் குரலைக் கேட்டால் பொய் சொல்கிறவன் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

டில்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் வெல்டிங்ல இருந்தேன்" என்றான்.

மண்டிக்காரர் சலித்துக்கொண்டார். "சரி வுடுப்பா. நடந்தது நடந்துபோச்சு. எவன் போலீஸு கேஸுன்னு அலையறது" என்றார். அவருக்கு யார் மாட்டியது என்பதே வேண்டியிருக்கவில்லை. பேச்சு முடிந்தால் போதும்.

அவர் போன பிறகு மேஸ்திரி என் தோளில் கைவைத்தார்.

"காதர், ஷெட்டு பேரு போச்சுன்னா இத்தன குடும்பமும் தெருவுக்கு வந்துடும். உம்மேல யாரும் கேஸு போடப் போறதில்ல. நாலு நாள் பேசுவாங்க, அப்பறம் மறந்துடுவாங்க. உன்ன நான் வுட்டுட மாட்டேன்."

அவர் கையை என் தோளிலிருந்து விலக்கிவிட்டு, என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்புறம் அந்த ஷெட்டுக்குள் நான் கால் வைக்கவே இல்லை.

மறுநாள் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். ஊர் என்ன நினைத்தாலும் சரி, சவரிக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்தது. வார்டு வராந்தாவில் அவன் சம்சாரம் ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தாள். எப்போது பார்த்தாலும் "வாங்கண்ணா" என்பவள் அன்று எழுந்திருக்கவில்லை.

சவரி கண்ணைத் திறந்துதான் இருந்தான்.

"அந்த வீலு நீ மாட்டினதுதான பாய்?"

"இல்ல சவரி. அத நான் மாட்டல. தொழுவப் போயிருந்தேன்."

"காத்தால நான் வந்தப்ப அந்த ஹப்ப கையில வச்சினு இருந்தியே."

"வச்சினு இருந்தேன். ஆகாதுன்னு சொல்லி வச்சிட்டேன். மேஸ்திரிதான் பஞ்ச் அடிச்சு…"

"மேஸ்திரி நேத்து வந்தாரு பாய்" என்றான். மூச்சு வாங்கியது. "உன்ன ஒரு வார்த்த தப்பா சொல்லல. வேணும்னு பண்ணல சவரி, அவன் மேல கோவப்படாதன்னு சொன்னாரு. கையப் புடிச்சினு சொன்னாரு. நீ இன்னாடான்னா அவரையே சொல்ற."

எனக்காக அவர் மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் என்னைத்தான் கீழே இறக்கும். இருந்தாலும் சொன்னேன். புள்ளிகளைச் சொன்னேன், கப் விரலோடு வந்ததைச் சொன்னேன். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஆரோக்கியம் உள்ளே வந்து, "போங்க. அவரு தூங்கட்டும்" என்றாள். பாய் என்றும் சொல்லவில்லை, அண்ணா என்றும் சொல்லவில்லை.

சவரி குணமாகி வந்ததும் மேஸ்திரி அவனைத் தன் ஷெட்டின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார். வண்டிகளுக்குக் காற்றும் அடிப்பான். காலை எடுத்தவரே சோறு போட்டார். ஊரே மேஸ்திரியைக் கும்பிட்டது. எவனோ செய்த தப்புக்கு இவர் பொறுப்பு ஏற்கிறார் பார், மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். எவனோ என்பது நான்.

திருவண்ணாமலை ரோட்டில், கோட்டைக்குப் போகிற வழியில், தகரம் போட்டு ஒரு ஷெட் ஆரம்பித்தேன். கார்கள் வரவில்லை. 'வீல் கழண்ட பாய்' என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. என் மகனைப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் அடித்துக்கொண்டு சட்டை கிழிந்து வந்தான். "நீ கழட்டினியா அத்தா?" என்று கேட்டான். இல்லை என்றேன். நம்பினானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எனக்குச் சோறு போட்டது டயர் மாட்டு வண்டிகள். அப்போதுதான் மரச் சக்கரம் போய், வண்டிகளுக்கு ரப்பர் டயர் வந்துகொண்டிருந்தது. அந்தச் சக்கரங்களுக்கும் பேரிங் உண்டு. வல்லத்திலிருந்தும் தளவானூரிலிருந்தும் நெல் மூட்டையோடு வருகிறவர்கள் என்னிடம் நிறுத்துவார்கள். மாட்டு வண்டிதானே, சக்கரம் கழன்றால் யார் சாகப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்த வண்டிகளுக்கும் நான் சத்தம் கேட்கும்வரை தட்டித்தான் கப்பை இறக்கினேன். எந்த வண்டிக்காரனுக்கும் அது தெரியாது. பிறகு டிராக்டர் டிரெய்லர் வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது, பழைய கதை தெரியாத ஆட்கள் வந்தார்கள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு பெரிய கார் வேலை என்று என் கைக்கு வரவே இல்லை. எனக்குத் தெரிந்த வேலையில் பாதியை நான் செய்யாமலே கிழவனாகிவிட்டேன்.

சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றால் மேஸ்திரியின் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். என் சைக்கிளைப் பார்த்ததும் சவரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். வருஷக்கணக்கில் அப்படித்தான். நானும் மணி அடிக்காமல் போய்விடுவேன். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எல்லோர் மேலும் எனக்கு ஆத்திரம் இருந்தது, அவனைத் தவிர.

மேஸ்திரி முதுமையில் போய்ச் சேர்ந்தார். கடைத்தெருவில் எல்லா ஷெட்டையும் மூடினார்கள். நான் மூடவில்லை. சில மாதங்களில் அவர் மகன் இடத்தை விற்றுவிட்டுப் போய்விட்டான். ஷெட்டை இடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம், ஷேர் ஆட்டோ ஒன்றின் அடியில் படுத்திருந்தேன். ஒரு செருப்புக் காலும் ஒரு ஊன்றுகோலும் வந்து நின்றன. வெளியே வந்தேன். சவரிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஒரு டீ சொல்லேன் பாய்" என்றான்.

சொன்னேன். ஸ்டூலைப் போட்டேன். டீ வந்தது. பாதி குடித்துவிட்டுச் சொன்னான்.

"அந்த வீலு நீ மாட்டலன்னு எனக்குத் தெரியும் பாய்."

"யாரு சொன்னது?"

"டில்லி. குடிச்சிட்டு கேட்டாண்ட வந்து ஒரு நாள் அழுதான். மேஸ்திரி பஞ்ச் அடிக்கும்போது அவன்தான் ஹப்பப் புடிச்சினு இருந்தானாம்."

மேஸ்திரி இறந்த பிறகு நடந்தது என்று நினைத்துக்கொண்டு, "எப்ப?" என்று கேட்டேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "நான் அங்க வேலைக்கு உக்காந்த அடுத்த வருஷமே."

ஆட்டோக்காரர் ஸ்பேனர் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷம் அந்தக் கேட்டில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது கோபத்தில் இல்லை.

"மேஸ்திரிக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?"

"தெரியும்னுதான் நெனைக்கிறேன். கிறிஸ்மஸுக்குத் துணி எடுத்துக் குடுப்பாரு. குடுக்கும்போது மூஞ்சப் பாக்க மாட்டாரு."

"எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாமே சவரி. ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்கு ஒருத்தனுக்கு."

"சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா?" என்றான். சண்டைபோலக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். "நேரா வந்து அவரு சட்டையப் புடிச்சிருப்ப. அப்பறம் என்ன அங்க வச்சிருப்பாரா? எனக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. ஒத்தக் காலன எவன் வேலைக்கு வச்சிப்பான்? உனக்குக் கை கால் இருந்துச்சு பாய். தொழில் இருந்துச்சு."

அவன் சொன்னது சரிதான். நான் சும்மா இருந்திருக்க மாட்டேன். சட்டையைப் பிடித்திருப்பேன். அவன் கணக்குப் போட்டுப் பார்த்து என்னை விற்றிருக்கிறான், அந்தக் கணக்கில் தப்பும் இல்லை. தப்பு இருந்திருந்தால் கத்தியிருப்பேன். மேஸ்திரியை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இவனை என்ன செய்வது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

"எதுக்கு இப்ப வந்து சொல்ற?"

"அந்த வேல போயிடுச்சு, அதான்" என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உன்னாண்ட ஏதாச்சும் உக்காந்து பாக்கற மாதிரி வேல இருக்குமா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றேன்.

தலையாட்டினான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தான். எதிரே பஸ் வந்து நின்றது. அந்தப் படியில் ஒற்றைக் காலோடு அவனால் ஏற முடியவில்லை. கண்டக்டர் விசில் ஊதிவிடுவார் போலிருந்தது. நான்தான் போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினேன். கனமே இல்லை. மேலே ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"வரேன் பாய்."

போய்ட்டு வா என்று சொல்ல வேண்டும். எதிரிக்குக்கூட அப்படித்தான் சொல்லி அனுப்புவோம். பஸ் கிளம்புகிறவரை அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சொல்லவில்லை.